சத்தத்தை இறக்குகிறவர்

மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து "ஒண்ணும் கேக்கலப்பா" என்று ஒரு குரல் வந்தால், ஒலிபெருக்கி வேலை பார்க்கிற யாருக்கும் கை மேலே போகும். எங்கள் கடை பாய்க்குக் கை கீழே போகும். கேட்காத மைக்கைத் தொடமாட்டார். நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிற மற்ற மைக்குகளில் ஒன்றைப் பிடித்துக் கொஞ்சம் இறக்குவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். தேவைப்பட்டால் இன்னொன்றை இறக்குவார். சற்று நேரத்தில் கேட்காமலிருந்த குரல் தானாக மேலே வந்து நிற்கும். கடைசி வரிசைக்காரர், "ஆங், இப்ப கூட்டனாரு பாரு" என்று திருப்தியோடு சாய்ந்து உட்காருவார்.

அவரோடு இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். எதையும் அவர் கூட்டி நான் பார்த்ததில்லை.

"சத்தம் கம்மி, சத்தம் கம்மின்னு சொல்லாதம்மா," என்பார். "அது மேல எது ஏறி உக்காந்துக்கினு இருக்குதுன்னு பாரு."

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கடையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் பாய்தான். கோட்டகுப்பத்துக்காரர். வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலின் கூட்ட அரங்கில் பதினோரு வருடம் வயர் இழுத்துவிட்டு ஊர் திரும்பி, திண்டிவனத்தில் எங்கள் ஒலிபெருக்கிக் கடையில் சேர்ந்திருந்தார். இப்போது மறுபடியும் அங்கேயே போய்விட்டார் என்கிறார்கள். அவருடைய பழைய எண்ணில் யாரும் எடுப்பதில்லை.

நான் விழுப்புரத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு நேராக அந்தக் கடைக்கு வந்தவள். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள். அம்மா கைநாட்டு. அப்பா பஸ்ஸை நிறம் பார்த்து ஏறுவார். கடையில் டிஜிட்டல் சிக்னல் பிராசசர் முழுக்க என் பொறுப்பு என்று முதலாளி சொன்ன அன்று, வீட்டுக்குப் போய் "டிஎஸ்பி என் கையில" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெட்டியை நாங்கள் சுருக்கமாக அப்படித்தான் சொல்வோம். அப்பா மறுநாள் தெரு முழுக்க, பெண்ணுக்கு போலீஸ் டிஎஸ்பி ஆபீசில் வேலை என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரம் யாரும் எங்கள் வேலியோரம் மாடு கட்டவில்லை.

அது ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. பின்னால் பன்னிரண்டு மைக்குகளைச் சொருகலாம். எட்டு இடங்களுக்குச் சத்தத்தை அனுப்பலாம். எந்த மைக் எங்கே போக வேண்டும், எவ்வளவு போக வேண்டும் என்பதை லேப்டாப்பில் ஒரு கட்டத்தாளில் குறிக்க வேண்டும். மைக்குகள் ஒவ்வொன்றும் ஒரு வரிசை, ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் ஒரு பத்தி. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் டிக் போட்டால் பாதை திறக்கும். டிக் இல்லையென்றால் அந்த மைக்கில் இடியே விழுந்தாலும் அந்த ஸ்பீக்கருக்குத் தெரியாது. பழைய மிக்சரில் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே குழம்பாகப் போகும். இதில் சாம்பார் வேறு, ரசம் வேறு.

இருநூறு பக்க ஆங்கிலக் கையேட்டை நான் முழுதாகப் படித்திருந்தேன். பாய் அதைத் திறந்ததே இல்லை. ஆங்கிலம் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் கட்டங்களை இடம் வைத்து ஞாபகத்தில் வைத்திருப்பார். "மூணாவது வரிசையில அஞ்சாவது கட்டம், அத்த கொஞ்சம் எறக்கு" என்பார், எதிர்ப்பக்கம் நின்று, திரையைப் பார்க்காமலே. நான் சரிபார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். அது எனக்குக் கொஞ்சம் கடுப்பாகவும் இருக்கும்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பெட்டி புதிது என்பதால் முதல் முகூர்த்தத்துக்கு நாங்கள் இருவரும் உடனிருந்தோம். மாப்பிள்ளையின் தாய்மாமன் காலையிலிருந்தே எங்கள் மேசைக்கும் மேடைக்கும் நடையாக நடந்தார்.

"இன்னா பாய், நாதஸ்வரம் நம்ம வூட்டு ஆளுங்க. நாலு தெருவுக்குக் கேக்கணும். கூட்டுங்க."

"கூட்டிடலாங்க."

பாய் மேசையோரம் இருந்த ஒரு திருகைப் பிடித்து, மாமன் பார்க்க, மெதுவாக வலப்பக்கம் திருகினார். மாமன் காதைச் சாய்த்தார். முகம் மலர்ந்தது. "ஆங், இது சத்தம்!" என்று சட்டைக்காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் மறுபடியும் வந்தார். மறுபடியும் திருகல். மூன்றாவது முறை நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அந்தத் திருகு பன்னிரண்டாவது வரிசைக்கானது. அந்த வரிசையில் ஒரு கட்டத்திலும் டிக் இல்லை.

"பாய், இது எங்கியும் போகலயே?"

"தெரியும்மா. அது மாமாவுக்குன்னு தனியா வச்சிருக்கறது."

"ஏமாத்தறதுதானே இது?"

"மாமா சந்தோசமா இருக்காரா இல்லியா? மேடையில அந்தப் பொண்ணு காது பொழச்சுதா இல்லியா?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவரு கேட்டது சத்தம் இல்லம்மா. நாலு பேரு முன்னால நான் சொன்னா நடக்கும்னு காட்டணும். அதுக்கு எதுக்கு ஸ்பீக்கரக் கிழிக்கணும்?" என்றார்.

எனக்கு அது ஒப்பவில்லை. படித்தவள் நான். இல்லாத இணைப்புக்கு ஒரு திருகு வைப்பது தொழிலுக்கே அவமானம் என்று நினைத்தேன். அன்று மாலை அவரிடம் சொல்லாமல் அந்தத் திருகை நாதஸ்வரத்தோடு இணைத்துவிட்டேன். வரவேற்பில் மாமன் தானே வந்து, தானே திருகினார். மண்டபத்தில் இருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. பாய் என்னைத் திட்டவில்லை. தவில் மைக்கை இறக்கினார், பாட்டு மைக்கை இறக்கினார், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற பாதையை இறக்கினார். கடைசியில் என்னைப் பார்த்து, "மாமாவ எறக்கறதுக்குத்தாம்மா கட்டம் இல்ல" என்றார்.

மேல்சித்தாமூர் பக்கம் ஒரு பெரியவரின் சொற்பொழிவு. நல்ல வெயில் காலம். பெரியவர் குரல் மெலிந்து, காற்றில் கரைந்துகொண்டிருந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூட்டினால் மைக் கூவும், கூட்டாவிட்டால் கேட்காது. பாய் எழுந்து போய்ச் சுவரோரம் நின்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மின்விசிறி வீதம், ஆறு விசிறிகளை நிறுத்தினார். சட்டென்று நிறுத்தியிருந்தால் கூட்டம் கத்தியிருக்கும். இப்படி நிறுத்தியதில் ஒருவருக்கும் தெரியவில்லை. வேர்த்துக் கொட்டியபடி, பெரியவர் குரல் தெளிந்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

போனில்கூட அவர் அப்படித்தான். கூட்டேரிப்பட்டு சந்திப்பில் நின்று வீட்டுக்குப் பேசுவார். லாரி வந்தால் மற்றவர்கள் போல் கத்தமாட்டார். "இரு, வண்டி போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார். மறுமுனையில் அவர் மனைவியும் காத்திருப்பார் போல. அரை மணி நேரப் போனில் பேச்சு ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். "கத்திப் பேசி முடிச்சிட்டா ஜல்தியா முடியுமே பாய்?" என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்குப் பேஜாரு? எனக்கு வூட்ல கத்திப் பழக்கமில்லம்மா," என்றார்.

இவ்வளவும் எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊர் மல்லாட்டை விவசாயிகள் சங்கத்துக் கூட்டம் வரும்வரை.

மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்குப் பெயர். சங்கத்துக்குச் சொந்தமாக நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சிமெண்ட் களமும் ஒரு கொட்டகையும் உண்டு. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் மல்லாட்டையைக் காயவைப்பதும் உரிப்பதும் அங்கேதான். பக்கத்திலேயே சங்கம் ஒரு கூட்ட அரங்கம் கட்டியது. அதற்குச் சத்த வேலை எங்கள் கடைக்கு வந்தது. பாய் தன் தங்கை மகள் நிக்காஹுக்காக விடுப்பில் இருந்தார். நான் தனியாகச் செய்த முதல் வேலை அது. அதுவும் என் சொந்த ஊரில்.

சங்கத் தலைவர் நல்ல மனிதர். சின்னப் பெண்ணான என்னையே "வாங்க, உக்காருங்க" என்பார். அவர் கேட்டது ஒன்றுதான். "நான் பேசறப்ப நாலு பேரு குறுக்க பேசறாங்கம்மா. என் மைக்குல பேச்சு வந்தா மத்த மைக்கெல்லாம் அடங்கணும். முடியுமா?"

முடியும். கையேட்டில் அதற்குத் தனி அத்தியாயமே இருந்தது. தலைவர் மைக்கில் சத்தம் வந்ததும் மற்ற மைக்குகள் சட்டென்று தாழ்ந்துவிடும். அவர் நிறுத்தி நான்கு நொடி கழித்து மெல்ல எழும். அதை அழகாகச் செய்து முடித்து, காலி அரங்கில் ஒவ்வொரு மைக்காக "ஒன், டூ, த்ரீ" சொல்லிப் பார்த்து, கோப்புக்கு என் பெயரையே வைத்து மூடினேன். தலைவர் மைக்கின் அமைப்பை யாரும் தொடக்கூடாது என்று கடை சார்பில் எழுதியும் கொடுத்தேன்.

பாய் திரும்பி வந்ததும் கேட்டார். "ஆளுங்கள வச்சிப் பேசிப் பாத்தியா?"

"நானே எல்லா மைக்குலயும் பேசிப் பாத்தேன். சூப்பர்."

அவர் வயர் சுற்றப் போய்விட்டார்.

பிறகு சங்கத்தில் ஒரு பிரச்சினை கிளம்பியது. நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக்கடை ஒன்று, வண்டிகள் நிறுத்தக் களத்தையும் கொட்டகையையும் நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்டது. நிர்வாகக் குழுவுக்கு விருப்பம். இரண்டு கூட்டங்கள் நடந்தன. எழுந்து வந்தவர்கள் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள், பெரிதாக எதிர்ப்பில்லை என்று செய்தி வந்தது. மூன்றாவது கூட்டத்தில் முடிவெடுப்பதாக இருந்தது. அதைப் பதிவுசெய்ய எங்களைக் கூப்பிட்டார்கள். பாயும் நானும் போனோம்.

அம்மா சங்க உறுப்பினர். அவள் பெயரில்தான் எங்கள் நிலம். அன்று காலையில், "நான் பேசப் போறேன்" என்றாள். முந்நூறு பேர் முன்னால் அம்மா உளறினால்? "நீ சும்மா இரும்மா, வேற யாராச்சும் பேசுவாங்க," என்றேன். "எவன் பேசனான்? ரெண்டு கூட்டமா வாயத் தொறக்கறான், உக்கார்றான்," என்று சொல்லிவிட்டுக் கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

அரங்கின் நடுவில் உறுப்பினர்களுக்கென்று ஒரு மைக் நின்றது. அம்மா அதன் முன் போய் நின்றாள்.

"தலைவருக்கு வணக்கங்க. அந்தக் களம் இல்லன்னா நாங்க..."

குரல் காணாமல் போனது. நான்கு நொடி கழித்து, "...லயா காயப் போடுவோம்? போன வருசம்..." மறுபடியும் ஒன்றுமில்லை. உதடு அசைந்தது. "...ஏறிப் பூடுச்சி. அத்த..."

"இன்னாம்மா, முழுங்கி முழுங்கிப் பேசற?" என்று ஒருவர் கேட்க, அரங்கம் சிரித்தது.

பயத்தில் அம்மாவுக்குக் குரல் அடைக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். முகம் எரிந்தது. அவள் மைக்கைப் பிடித்து முழுதாக ஏற்றினேன். அது காது கிழிய ஊளையிட்டது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். தலைவர் பரிவோடு, "மைக்கு சரியில்ல போல, நீங்க உக்காருங்கம்மா, பரவால்ல," என்றார். அம்மா மைக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்ல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பத் தொடங்கினாள்.

பாய் அம்மாவைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரு மொதல்ல பேசவே இல்லியே. அப்பவும் பச்ச எரிஞ்சுதே, ஏன்?" என்றார்.

திரையில் தலைவர் மைக்கின் பச்சைக் கோடு அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ சொன்னதற்குத் தலைவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கூடவே, கேட்கிற மரியாதையில், "ம்... ம்... ம்..." என்று உம் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் கொட்டிய ஒவ்வொரு உம்முக்கும் நான் எழுதிய அமைப்பு அம்மாவின் வாயைப் பொத்தியிருந்தது. காலி அரங்கில் ஒன், டூ, த்ரீ எண்ணியபோது உம் கொட்ட யாரும் இல்லை.

எனக்குப் புரிந்து வாய் திறப்பதற்குள் பாயின் விரல் தலைவரின் வரிசைக்குப் போய்விட்டது.

"பாய், அத்தத் தொடக்கூடாதுன்னு நாமதான் எழுதிக் குடுத்திருக்கோம். வேலை போயிடும்!"

அவர் தலைவரின் மைக்கை அணைத்துவிட்டார். அம்மாவின் மைக்கைப் பழைய அளவுக்கு இறக்கினார். பிறகு எழுந்து நின்று, "அம்மா, உக்காராதீங்க. பேசுங்க," என்றார்.

தலைவர் ஏதோ சொன்னார். வாய் மட்டும் அசைந்தது. மைக்கைத் தட்டினார். எங்கள் பக்கம் பார்த்தார். முந்நூறு பேரும் பார்த்தார்கள்.

பாய் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க மைக்கு ரிப்பேருங்க தலைவரே. அம்மா பேசி முடிக்கறதுக்குள்ள சரியாப் பூடும்."

அம்மா பேசினாள். "களம் இல்லன்னா நாங்க ரோட்டுலயா காயப் போடுவோம்? போன வருசம் களம் பத்தாம ரோட்டுல போட்டு, லாரி ஏறிப் பூடுச்சி. அத்த அள்ளப் போன எங்க பங்காளி பொண்டாட்டிக்கு இன்னிக்கும் கால் ஊன முடியல. மழ வந்தா அஞ்சு நிமிசத்துல அள்ளிக் கொட்டகையில போடறோம். நாளைக்கு எங்க போடுவோம்? ஓட்டல்ல சாப்பிட வர்றவன் காருக்கு நெழல் வேணும். மல்லாட்டைக்கு வேணாமா? இத்தத்தான் நான் கேக்க வந்தேன்." அவ்வளவுதான். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. சிரித்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவரின் மைக் திரும்பி வந்தபோது அவர் குரலில் கோபம் இருந்தது. ஒருவர் மட்டும் எதிர்த்ததற்காகத் தீர்மானத்தைக் கைவிட முடியாது, முந்தைய இரண்டு கூட்டங்களில் யாரும் மறுக்கவில்லையே, அடுத்த வாரம் ஓட்டுக்கு விடுவோம் என்று முடித்தார். கடைக்குப் புகார் போனது. தலைவர் மைக்கையே நிறுத்திய ஆள் இனி அந்தப் பக்கம் வரக்கூடாது.

முதலாளி இருவரையும் கூப்பிட்டார். "லூஸ் கனெக்சன் சார்," என்று பாய் தொடங்கினார். "இல்ல சார், நான் பண்ண செட்டிங் தப்பு," என்றேன். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தலைவர ஒரே ஒரு தரம் ஹாலுக்கு வரச் சொல்லுங்க சார்," என்றார்.

தலைவர் வந்தார். மேடையில் அவருடைய இடத்தில் உட்காரவைத்தோம். பாய் நடு மைக்கின் முன் நின்று, அன்று காலையில் கிளியனூர் தாண்டி வண்டி பஞ்சரான கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"வந்துக்கினே இருந்தங்க. பின் சக்கரம் அப்டியே..."

"ம்," என்றார் தலைவர். பாயின் குரல் போனது. "அப்புறம்?" என்றார். மறுபடியும் போனது. பாய் வாயசைத்துக்கொண்டே இருந்தார், கையால் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார், பஞ்சர் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டதைக் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் முதலில் சிரித்தார். பிறகு ஒலிக்காத ஸ்பீக்கரைப் பார்த்தார். தன் மைக்கைப் பார்த்தார்.

"என்னாலயா?" என்றார்.

"உங்க மைக்குல சின்ன சத்தம் வந்தாலும் மத்தது அடங்குற மாதிரி நான்தாங்க வச்சேன்," என்றேன்.

"யாரு எது சொன்னாலும் உம் கொட்டித்தாம்மா எனக்குக் கேட்டுப் பழக்கம்." மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப அந்த ரெண்டு கூட்டமும்?"

"பேசியிருப்பாங்கங்க," என்றார் பாய். "உங்களுக்கும் கேட்டிருக்காது, ஊருக்கும் கேட்டிருக்காது."

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் முன்னால பேச பயப்படறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இவங்களுக்குச் சொல்லத் தெரியலன்னு நெனச்சேன்," என்றார். அம்மாவைப் பற்றி நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

தலைவர் மைக்குக்கு வைத்திருந்த முன்னுரிமையை நான் அழித்தேன். ஓட்டுக்கு முன் எல்லோரும் முதலிலிருந்து பேசட்டும் என்று தலைவர் சொல்லி அனுப்பினார்.

அந்தக் கூட்டத்தில் பேச வந்தவர்களின் வரிசை வாசல்வரை நின்றது. களத்தைக் கொடுக்கலாம் என்று பேசியவர்களும் இருந்தார்கள், கூடாது என்றவர்கள்தான் அதிகம். கை தூக்கச் சொன்னபோது எண்ணத் தேவையே இருக்கவில்லை. களம் களமாகவே இருக்கும் என்று தலைவர் அறிவித்தார். அம்மா பக்கத்துப் பெண்ணின் தொடையில் ஓங்கி அடித்துச் சிரித்தாள்.

மேடையில் தலைவர் அன்று முழுக்க, வந்த ஒவ்வொருவருக்கும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து உம் கொட்டிக்கொண்டிருந்தார். பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனசு வச்சிக் கேக்கற மனுசன்மா," என்றார் என்னிடம். "அப்பேர்ப்பட்ட ஆளப் போயி, யார் பேச்சையும் கேக்காதவரா ஆக்கி வச்சிட்டம் பாரு நாம."

அந்தக் கட்டங்களில் டிக் போட்டது நான் ஒருத்தி. அன்று அவர் ஊரிலேயே இல்லை. ஆனாலும் 'நாம' என்றுதான் சொன்னார்.